அடுத்தது கையில் வந்த பிறகு

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. மரியாதைக்காக அல்ல. ஒரு தாளில் ஒரு பெயரை எழுதுவது எவ்வளவு சுலபம், எழுதிய பிறகு அந்தப் பெயருக்கு உரியவருக்கு என்ன ஆகிறது என்பதை ஒருமுறை பார்த்துவிட்டேன். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. ஆகவே இங்கே அவர் அக்கா மட்டும்தான். மலேசியாவில் செனாயில் இருந்த எங்கள் அலுவலகத்திலும் அப்படித்தான். மலாய்க்காரர்கள் 'காக்' என்றார்கள், சீனர்கள் 'சிஸ்' என்றார்கள், நாங்கள் அக்கா என்றோம். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். எங்கள் குழுவின் தலைவி.

அக்காவைப் பற்றிச் சொல்ல ஒரே ஒரு பழக்கம் போதும். அதைத் தங்காக்கில் ஒரு துணிக்கடையில் வைத்துத்தான் முதலில் முழுதாகப் பார்த்தேன்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. சனிக்கிழமை காலையில் தன் காரில் என்னைக் கூட்டிப்போனார். கடையில் நிற்க இடமில்லை. அக்காவின் இடது கையில் ஒரு பச்சைச் சேலை. அது அவருக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. மேசைமேல் விரித்திருந்த மாம்பழ நிறத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனாலும் பச்சையைக் கீழே வைக்கவில்லை. மாம்பழ நிறத்தை மடித்து வலது கையில் வாங்கிய பிறகுதான் இடது கையைத் தளர்த்தினார். அதன் பிறகு ஒரு நீலம் வந்தது. அதே கதை.

விற்பனைப் பெண் சிரித்துவிட்டாள். "அக்கா, கீழ வைங்க. நான் எங்கயும் ஓடிட மாட்டேன்."

"நீ ஓட மாட்ட. சேலை ஓடிடும்."

சொல்லிவிட்டு மாம்பழ நிறத்தை மேசைமேல் வைத்தார். வைத்த நொடியில் பின்னாலிருந்து ஒரு அம்மாள் கையை நீட்டி அதை எடுத்துக்கொண்டு கல்லாவுக்கே போய்விட்டார். அக்கா என்னைப் பார்த்து ஒரு புருவத்தை மட்டும் உயர்த்தினார். நீலம் அவர் கையில் பத்திரமாக இருந்தது.

கவனிக்க ஆரம்பித்த பிறகு எல்லா இடத்திலும் அது தெரிந்தது. புதுப் பேனாவை எழுதிப் பார்த்த பிறகே பழையதைக் குப்பையில் போடுவார். கைப்பேசி மாற்றினால் இரண்டு மாதம் இரண்டையும் சுமப்பார். கடையில் இரண்டாவது டீயைச் சொல்லிவிட்டுத்தான் முதல் டீயின் கடைசி வாயைக் குடிப்பார். கல்யாணத்தைப் பற்றி யாராவது கேட்டால், "அடுத்த ஆள் கிடைக்காம இருக்கிற ஆள விடமாட்டேன் லா. பிரச்சினை என்னன்னா, முதல் ஆளே இன்னும் கிடைக்கல" என்பார். கேட்டவர்கள் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போவார்கள்.

தங்காக்கிலிருந்து திரும்பி வரும்போது நெடுஞ்சாலை ஓய்விடத்தில் சாப்பிட நிறுத்தினோம். அவருடைய அம்மா அழைத்தார். "ஓம் அம்மா, சாப்பிட்டிட்டன்" என்று அக்கா வேறு தமிழில் பேசினார். அவர்களுடையது இலங்கையிலிருந்து வந்த குடும்பம். தாத்தா காலத்திலிருந்து அரசாங்க வேலை, அரசாங்க வீடு. கைப்பேசியை வைத்த பிறகு, நான் எதுவும் கேட்காமலே சொன்னார்.

"அப்பா ரிட்டயர் ஆனப்போ குவாட்டர்ஸ காலி பண்ணச் சொன்னாங்க. அப்பா சரின்னு சாவிய குடுத்துட்டு வந்துட்டாரு. ஸ்கூடாய்ல வாங்கின வீடு இன்னும் கட்டி முடிக்கல. ஆறு மாசம் மாமா வீட்டு ஹால்ல இருந்தோம். எனக்கு எஸ்.பி.எம். பரீட்சை வருஷம். ஸ்கூல் பைய எங்க வைக்கிறதுன்னு தினம் ஒரு இடம் தேடுவேன்." ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்தார். "அப்பா நல்லவருதான். ஆனா கையில ஒண்ணும் இல்லாம கைய விட்டுட்டாரு."

அன்று எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எங்கள் வேலை ஆற்றோரத்துப் பெட்டிகள். கோத்தா திங்கியில் ஆறு ஏறினால் கரையோரக் குடியிருப்புகளில் சங்கு ஊத வேண்டும். கரை நெடுகத் தூண்கள். தூண்களில் நீர்மட்டத்தையும் மழையையும் அளக்கும் சென்சார்கள். அவற்றின் சொல்லைக் கேட்டுச் சங்கை ஊதுவது பெட்டி. பெட்டிக்குள் கெர்னல் என்ற நிரல் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடிக்கொண்டிருக்கும். மேலே எது விழுந்தாலும் அது தூக்கி நிறுத்தும். அது விழுந்தால் எல்லாம் விழும். அதற்குள் எங்கள் சென்சார்களுக்கான பகுதியை எழுதுவது எங்கள் குழு.

கெர்னலுக்குள் சென்சார்கள் ஒரு பட்டியலில் இருக்கும். நான் வீட்டில் எழுதும் பட்டியல்களைப் போல அதில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள் கிடையாது. ஒவ்வொரு உறுப்பும் தனக்கு முன்னால் நிற்பதையும் பின்னால் நிற்பதையும் மட்டும் அறியும். கைகோத்து வட்டமாக நிற்கும் மனிதர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை நீக்க வேண்டுமானால், அதன் இரண்டு பக்கத்தாரையும் ஒருவர் கையை ஒருவர் பிடிக்கச் செய்தால் போதும். நடுவில் நின்றது வெளியே போய்விடும். வெளியே போனதின் இரண்டு கைகளிலும் கெர்னல் விஷம் வைக்கும். அந்தச் சொல் என்னுடையதல்ல. அதை எழுதியவர்கள் வைத்த பெயரே அதுதான். விஷம் என்றால் எங்கும் போகாத ஒரு முகவரி. நீக்கப்பட்டதின் கையை யாராவது பிறகு பிடித்தால் எந்திரம் அந்த இடத்திலேயே விழுந்துவிடும்.

"விஷம் நல்லது" என்பார் அக்கா. "இல்லன்னா செத்த ஆள் கையப் பிடிச்சுக்கிட்டே நடப்பாங்க. யாருக்கும் தெரியாது."

சேர்ந்த முதல் வாரத்தில் நான் எழுதியதில் ஒரு தவறு இருந்தது. பட்டியலில் நடந்துபோய், பழுதானதை நீக்கிவிட்டு, நீக்கியதிடமே 'அடுத்தது எது' என்று கேட்டிருந்தேன். அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். பக்கத்து மேசைகளுக்கும் கேட்கும்படி சொன்னார்.

"அலமாக்! ஏம்மா, வீட்ட விட்டு வெளிய தள்ளின ஆளுகிட்டயே போயி, பக்கத்து வீடு எதுங்கன்னு கேக்கிறியா?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

"முதல்ல அடுத்ததக் கையில பிடி. அப்புறம் இத விடு. அவ்வளவுதான்."

அதற்கு ஆயத்தமான கட்டளை ஒன்று கெர்னலிலேயே இருக்கிறது. இருப்பதை நீக்குவதற்கு முன்பே அடுத்ததைத் தனியாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். 'பத்திரமானது' என்ற சொல் அதன் பெயரிலேயே இருக்கிறது. நான் அதைக் குறிப்பேட்டில் முதல் வரியாக எழுதினேன். எனக்கு எல்லாவற்றையும் பட்டியலாக எழுதும் பழக்கம் உண்டு. வேலைக்கு என்னை எடுத்ததற்கே அதுதான் காரணம் என்று அக்கா பின்னால் சொன்னார். பாராட்டு என்று நினைத்தேன்.

என் பக்கத்து மேசை தனபாலன் அண்ணனுடையது. நாற்பத்தைந்து வயது இருக்கும். பெக்கோக் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர், வார இறுதியில் அங்கேதான் போவார். பட்டம் படித்தவர் இல்லை. கம்பி இழுக்கும் வேலைக்கு வந்து, பெட்டிகளைப் பழுதுபார்த்து, தானாகவே நிரல் எழுதப் பழகியவர். கோத்தா திங்கியின் ஒவ்வொரு தூணிலும் ஏறியவர் எங்கள் அலுவலகத்தில் அவர் ஒருவர்தான். மேசைமேல் ஒரு பிஸ்கட் டின் நிறையத் திருகாணிகள் வைத்திருப்பார்.

"மூணு மாசம் தனபாலன் பக்கத்துல உக்காரு" என்றார் அக்கா. "அவருக்குத் தெரிஞ்சது எல்லாத்தையும் கேட்டு எழுதிக்கோ."

எழுதினேன். எந்தத் தூணில் எந்தத் திருகு துருப்பிடித்தது, எந்தச் சென்சார் வெயிலில் தப்பாகப் படிக்கும், எந்தக் கிராமத்துக்காரர் வேலிக் கதவின் சாவியை வைத்திருக்கிறார் எல்லாம். அவர் ஒளிக்காமல் சொன்னார். சில நாள் நான் கேட்க மறந்ததையும் சொன்னார். "அதையும் போட்டுக்குங்க தங்கச்சி, பின்னால உதவும்." யாருக்கு, எதற்குப் பின்னால் என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. அவருக்கு அப்போதே தெரிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. எனக்குத் தெரியாது என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பழுதான சென்சார்களை நீக்கும் பகுதியை அவர்தான் எழுதியிருந்தார். அது அக்காவின் முறையில் இல்லை. பட்டியலில் நடப்பார்; பழுதானதைக் கண்டால் நீக்குவார்; நீக்கியதும் மறுபடி பட்டியலின் தலைக்கே போய் முதலிலிருந்து நடப்பார். எத்தனை நீக்கினாலும் அத்தனை முறை முதலிலிருந்து.

அக்கா அதை ஒரு நாள் திரையில் பார்த்தார். "என்ன தனபாலன், கோயில் சுத்துறீங்களா? ஒவ்வொரு தடவையும் வாசல்லயிருந்து ஆரம்பிக்கிறீங்க?"

"ஜோடி இருக்குங்க" என்றார் அவர். "ஒவ்வொரு தூண்லயும் நீருக்கு ஒண்ணு, மழைக்கு ஒண்ணு. ரெண்டுக்கும் ஒரே கேபிள். ஒண்ண எடுத்தா கூட இருக்கிறதும் சேர்ந்து போயிடும். அதனாலதான்..."

"மெதுவா இருக்கு. மாத்தணும்." அக்கா என் பக்கம் திரும்பினார். "நீ மாத்து. பத்திரமானதப் போடு."

அவர் பின்னால் நின்று சொல்லச் சொல்ல நான் தட்டினேன். ஐந்து வரி இரண்டு வரியானது. எங்கள் மேசையில் இருந்த மாதிரித் தூணில் ஓட்டிப் பார்த்தோம். அழகாக ஓடியது. அந்த மாதிரித் தூணில் ஒரே ஒரு சென்சார்தான் இருந்தது. மாற்றம் என் பெயரில் பதிவானது. பார்த்து ஒப்புக்கொண்டவர் என்ற இடத்தில் அக்காவின் பெயர்.

தனபாலன் அண்ணன் என் குறிப்பேட்டைப் பார்த்து, "அந்த ஜோடி விஷயத்த மட்டும் எழுதிக்குங்க" என்றார். எழுதினேன். என் பட்டியலில் பதினேழாவது. மாதக் கடைசியில் அக்கா பட்டியலை வாங்கிப் படித்தார். பதினேழின் மேல் ஒரு கோடு போட்டார். "இதுதான் மாறிப்போச்சே. பழசெல்லாம் எதுக்கு?"

அடுத்த வாரம் தனபாலன் அண்ணனைப் போகச் சொன்னார்கள். குழுவைச் சிறிதாக்குகிறோம் என்று காரணம். அவர் பிஸ்கட் டின்னை மேசைமேலேயே விட்டுவிட்டார். "உங்களுக்குத் தேவைப்படும்" என்றார் என்னிடம். அக்கா வாசல்வரை போய் அவருக்குக் கைகொடுத்தார். நான் எழுதிய பட்டியலின் அச்சுப் பிரதி அக்காவின் மற்றக் கையில் இருந்தது. தங்காக் கடையில் நீலச் சேலை இருந்த மாதிரி.

இந்த இடத்தில் அக்காவைக் கெட்டவராகக் காட்டிவிட்டுப் போவது எனக்குச் சுலபம். ஆனால் அதற்கு முந்தின மாதம் என் அப்பா நெஞ்சு வலியோடு ஜொகூர் பாரு மருத்துவமனைக்குப் போனபோது நடந்ததும் இருக்கிறது. அக்கா எனக்கு முன்னால் அங்கே நின்றார். படுக்கை இல்லை என்றார்கள். அவர் அதற்குள் இன்னொரு மருத்துவமனையில் சொல்லி வைத்திருந்தார். ஆம்புலன்ஸ் தாமதமானால் என்று ஒரு வாடகைக் காரையும் நிறுத்தி வைத்திருந்தார். அம்மாவுக்கு மாற்றுப் புடவைகூட யோசித்திருந்தார். அக்காவோடு போனால் நடுவழியில் கைவிடப்பட்டு நிற்க வேண்டியதே இல்லை. அவர் கையில் நாம் இருக்கிறவரைக்கும்.

மழைக்காலம் வந்தது. ஒரு மதியம் கோத்தா திங்கியில் ஆறு ஏறியது. முதல் தூணின் சென்சார் மூழ்கிப் பேச்சை நிறுத்தியது. பெட்டி அதை நீக்கியது. நீக்கும் முன்பு, பத்திரமாக, அடுத்ததைக் கையில் பிடித்துக்கொண்டது. அடுத்தது அதே தூணின் மழைச் சென்சார். ஒரே கேபிள், ஒரே ஜோடி. முதலாவது போனபோது அதுவும் சேர்ந்தே நீங்கியிருந்தது. பெட்டி கையில் பிடித்திருந்தது விஷத்தை. கெர்னல் விழுந்தது. தானாக எழுந்தது, மறுபடி அதே தூணுக்கு வந்தது, மறுபடி விழுந்தது. மாலைவரை விழுவதும் எழுவதுமாக இருந்தது. சங்கு ஊதவேயில்லை.

உயிர்ச்சேதம் இல்லை. இதை அறிக்கையில் முதல் வரியாகப் போட்டோம்.

மறுநாள் காலை நானும் அக்காவும் போனோம். கரையோரச் சந்தில் சேறு முழங்கால்வரை. ஒரு வீட்டு வாசலில் ஓர் அம்மாள் ரவிக்கைகளைப் பிழிந்துகொண்டிருந்தார். தையல்காரர். பொங்கலுக்கும் ஒரு கல்யாணத்துக்கும் தைக்க வாங்கியவை, எல்லாம் பிறர் துணி. தையல் எந்திரம் கவிழ்ந்து கிடந்தது. எங்கள் சட்டையில் இருந்த அடையாள அட்டையை அவர் பார்த்துவிட்டார்.

"அந்தப் பொட்டி ஆளுங்களா நீங்க?"

"ஆமாங்க" என்றார் அக்கா.

"போன வருசமெல்லாம் பொட்டி கிடையாது. ஆத்தப் பார்த்துக்கிட்டே உக்காந்திருப்போம். தண்ணி ஏறுச்சுன்னா சாமான தூக்கிடுவோம். இந்த வருசம் பொட்டி ஊதும்னு சொன்னீங்க. ஊதும் ஊதும்னு பார்த்துக்கிட்டு உள்ள தைச்சுக்கிட்டு இருந்தேன்." குரலை உயர்த்தவில்லை. "இப்ப அந்தப் பொண்ணு வீட்டுக்காரங்ககிட்ட என்ன சொல்லட்டும்? நீங்க வந்து சொல்றீங்களா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா குனியவில்லை. "அடுத்து எங்க தங்கப் போறீங்க?" என்று கேட்டார். அம்மாள் கவிழ்ந்த எந்திரத்தைத் திரும்பிப் பார்த்தார். அக்கா அங்கேயே நின்று நான்கு பேரை அழைத்தார். ஒரு மணி நேரத்தில் மேட்டு நிலத்தில் ஒரு அறையும், எந்திரத்தை ஏற்றிப்போக ஒரு லாரியும் வந்தன. லாரி வந்து நின்ற பிறகுதான் அம்மாளைப் பழைய வீட்டின் கதவைப் பூட்டவிட்டார். அதில் நடிப்பு இல்லை. மாமா வீட்டு ஹாலில் பை வைக்க இடம் தேடிய பெண்தான் அன்று அங்கே நின்றார். இதுதான் இன்றுவரை என்னைக் குழப்புகிறது.

அன்று பிற்பகலில் அலுவலகத்துக்கு வந்ததும் பெட்டியின் பதிவுகளைத் திறந்தார். அரை மணி நேரத்தில் காரணத்தைக் கண்டுபிடித்தார். நாங்கள் அழித்த ஐந்து வரிகளைப் பழைய பதிப்பிலிருந்து எடுத்து அப்படியே திரும்பப் போட்டார். ஒவ்வொரு முறையும் தலையிலிருந்து நடக்கும் வரிகள். கோயில் சுற்று. ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. ஆக, பிழை எங்கள் இரண்டு வரியில்தான் என்று அவருக்குத் தெரியும்.

அறிக்கை மறுநாள் தயாராக இருந்தது. 'முன்னாள் ஊழியர் தனபாலன் எழுதிய பழைய பகுதியில் இருந்த பிழை. தற்போதைய குழு கண்டறிந்து திருத்திவிட்டது.' கீழே அக்காவின் கையெழுத்து. அதற்குப் பக்கத்தில் எனக்கு ஓர் இடம்.

"அக்கா, இத எழுதினது அவரில்லையே."

"யாரு எழுதினது?"

என் கண் திரையில் இருந்த பதிவுக்குப் போனது.

"பதிவுல யாரு பேரு இருக்கு? உன் பேரு. உன் பேர போடவா?" அதட்டலாகக் கேட்கவில்லை. எந்தச் சேலை வேண்டும் என்று கேட்பதுபோலக் கேட்டார். "அந்தாளு போயாச்சு. இங்க யாருக்கும் அவரத் தெரியாது. நீ இங்க இருக்கணும், நான் இங்க இருக்கணும். எழுதின பேரு வேலைக்குத் தொந்தரவு இல்லாத பேரா இருக்கட்டும்."

கையெழுத்துப் போட்டேன். பேனாவும் அவருடையதுதான்.

தொந்தரவு இல்லாத பேராக அது இல்லை. தனபாலன் அண்ணனைப் பாசிர் கூடாங்கில் ஒரு கம்பெனி வேலைக்கு எடுப்பதாக வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தது. அவர்களும் இதே ஆற்றோரப் பெட்டிகளைப் பராமரிப்பவர்கள். அறிக்கை அவர்களுக்கும் போனது. எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், அவரே எனக்குச் செய்தி அனுப்பியிருந்தார். 'தங்கச்சி, அங்க கூப்பிட்டு அந்த அறிக்கை பத்தி கேக்கிறாங்க. மூணு வாரத்துல முடிவு சொல்றாங்களாம். அந்த ஜோடி விஷயம் உங்க நோட்டுல இருக்குமே, அதோட ஒரு படம் அனுப்ப முடியுமா?'

பதினேழாம் எண். அதன்மேல் அக்காவின் கோடு. என் மேசை இழுப்பறையிலேயே இருந்தது. படம் எடுக்க ஒரு நொடி. அனுப்பினால் அது எங்கே போய்ச் சேரும், பிறகு எனக்கு என்ன ஆகும் என்று ஒரு பட்டியல் போட்டேன். வேலை. அப்பாவின் மருந்து. வீட்டு வாடகை. இன்னொரு வேலை கிடைக்குமா என்பது. பட்டியல் நன்றாக வந்தது. 'தேடிப் பார்க்கிறேன் அண்ணே' என்று பதில் அனுப்பினேன்.

அதே வாரம் கோமளா என்ற பெண் புதிதாக வேலைக்கு வந்தார். என் வயதுதான். தனபாலன் அண்ணனின் காலி மேசையில் உட்கார்ந்தார். பிஸ்கட் டின்னைத் தள்ளிவைத்துவிட்டுப் புதுக் குறிப்பேட்டைத் திறந்தார்.

"அக்கா சொன்னாங்க, உங்களுக்குத் தெரிஞ்சது எல்லாத்தையும் கேட்டு எழுதிக்கச் சொல்லி" என்றார் சிரித்துக்கொண்டே.

அன்று மாலையே சிங்கப்பூரில் நான்கு இடங்களுக்கு விண்ணப்பம் அனுப்பினேன். பகலில் கோமளாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். மதிய இடைவேளையில் காருக்குள் உட்கார்ந்து நேர்முகத் தேர்வுக்குப் பதில் சொன்னேன். ஒன்று தேறியது. கடிதம் வந்து, கையெழுத்துப் போட்டு, அவர்கள் பெற்றுக்கொண்டதாகப் பதிலும் வந்தது. அதற்கு மறுநாள் நான் உட்கார்ந்து உண்மையை எழுதினேன்.

நல்ல கடிதம் அது. மாற்றம் செய்யப்பட்ட நாள், செய்தவள் நான், ஒப்புக்கொண்டவர் யார், தனபாலன் முன்கூட்டியே எச்சரித்தது, அந்த எச்சரிக்கையின் மேல் போட்ட கோட்டின் படம், திருத்தம் என்று போடப்பட்டது அவருடைய பழைய வரிகள்தான் என்பதற்கான ஆதாரம். எங்களிடம் பெட்டிகளை வாங்கிய வாடிக்கையாளருக்கும் பாசிர் கூடாங் கம்பெனிக்கும் அனுப்பினேன். அக்காவுக்கு ஒரு நகல். தனபாலன் அண்ணனுக்கு ஒரு நகல்.

வாடிக்கையாளரிடமிருந்து 'விளக்கம் பெறப்பட்டது' என்று ஒரு வரி வந்தது. பாசிர் கூடாங்கிலிருந்து ஒன்றும் வரவில்லை. தனபாலன் அண்ணன் இரண்டு நாள் கழித்துக் கேட்டார்: 'பெட்டிய சரி பண்ணிட்டாங்களா?'

'பண்ணிட்டாங்க அண்ணே. நீங்க எழுதினத அப்படியே போட்டுட்டாங்க.'

படித்துவிட்டதற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடுகள் வந்தன. வேறெதுவும் வரவில்லை. இப்போது சிகாமட்டில் கண்காணிப்புக் கேமரா மாட்டும் வேலை செய்கிறார் என்று கேள்வி.

என் கடைசி நாளில் அக்கா மேசையில் என் கடிதத்தின் அச்சுப் பிரதி இருந்தது. நான் அட்டையையும் சாவியையும் வைத்தேன். அவர் கோபமாக இருப்பார் என்று எதிர்பார்த்து, பதில்களை வரிசையாகத் தயாரித்து வைத்திருந்தேன்.

"படிச்சேன். நல்லா எழுதியிருக்க. ஒண்ணையும் விடல."

"உண்மையத்தான் எழுதினேன் அக்கா."

"உண்மைதான். நான் இல்லன்னு சொல்லலயே." கடிதத்தின் மேல் விரலால் தட்டினார். "சிங்கப்பூர் ஆஃபர்ல எப்பக் கையெழுத்துப் போட்ட?"

"திங்கக்கிழமை."

"இதுல செவ்வாக்கிழமை தேதி இருக்கு."

கடிதத்தைத் தேதி தெரியும்படி என் பக்கம் திருப்பினார்.

"தனபாலனுக்கு பாசிர் கூடாங்ல முந்தின வெள்ளிக்கிழமையே இல்லன்னு சொல்லிட்டாங்க. உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"ம்."

அவ்வளவுதான் சொன்னார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவரை வெறுத்துவிட்டு நிம்மதியாகப் போயிருப்பேன். எழுந்து என்னோடு வாசல்வரை வந்தார். தனபாலன் அண்ணனுக்குக் கொடுத்ததைப் போலவே எனக்கும் கைகொடுத்தார். வெளிக் கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

நான் படியிறங்கிப் பார்த்தேன். கதவை அவர் இன்னும் விடவில்லை. என் பொருட்கள் இருந்த அட்டைப்பெட்டியோடு கோமளா பின்னால் வந்துகொண்டிருந்தார். அவருடைய கை கதவில் பட்ட பிறகுதான் அக்கா தன் கையை அதிலிருந்து எடுத்தார்.

கோமளா பெட்டியை என்னிடம் நீட்டினார். அதை வாங்குவதற்கு முன், சிங்கப்பூர்க் கடிதம் இருந்த உறையைத் தோள்பையின் மேல் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அது அங்கேயே இருந்தது. அதன் பிறகுதான் பெட்டிக்குக் கையை நீட்டினேன். மேலே படியில் நின்ற அக்கா அதைப் பார்த்தார்.